தகரத்தின் இரண்டாவது பிறவி

ஒரு பொருளின் வரலாற்றை எழுதுபவர்கள் அதை யார் கண்டுபிடித்தார், எங்கே செய்தார்கள், எவ்வளவு விற்றது என்பதோடு பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். விற்ற பின் அது வீடுகளில் வாழ்ந்த வாழ்வைப் பற்றி அதிகம் எழுதப்படுவதில்லை. தகரப் பேணியைப் பொறுத்தவரை இது பெரிய குறை. உள்ளே இருந்த பிஸ்கற்றோ பாலோ சில நாட்களில் முடிந்துபோகும். வெறும் பேணியோ முப்பது, நாற்பது ஆண்டுகள் அடுப்படியிலும் அலுமாரியிலும் உழைக்கும். அந்த இரண்டாவது பிறவிதான் அதன் நீண்ட பிறவி.

முதற் பிறவியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உணவைக் காற்றுப் புகாமல் அடைத்துச் சூடாக்கினால் கெடாது என்பதைப் பிரான்சில் நிக்கொலா அப்பேர் கண்ணாடிப் போத்தல்களிற் செய்து காட்டினார். 1810இல் இங்கிலாந்தில் பீற்றர் டூரண்ட் பெற்ற காப்புரிமையில் தகரப் பாத்திரமும் இடம்பெற்றது. றீடிங் நகரில் 1822இல் பிஸ்கற் கடை திறந்த ஜோசப் ஹன்ட்லி, குதிரை வண்டிப் பயணிகளுக்கு விற்ற பிஸ்கற்றுகள் நொறுங்காமல் இருக்கத் தகரப் பெட்டிகளைச் செய்வித்தார். ஹன்ட்லி அன்ட் பாமர்ஸ் என்று பின்னர் உலகறிந்த அந்தக் கம்பனி, 1868இல் தனது முதல் அலங்காரத் தகரத்தை வெளியிட்டது. 1875இல் தகரத்தின்மேல் நேர்த்தியாகப் படம் அச்சிடும் முறை காப்புரிமை பெற்றதும், புத்தக அடுக்குப் போலவும் கூடை போலவும் விதவிதமான தகரங்கள் வந்தன. பிஸ்கற் தீர்ந்த பின்னும் வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்று எண்ணியே அவை செய்யப்பட்டன. எறியாத பெட்டி எந்நாளும் விளம்பரம் செய்யும் என்று வியாபாரிக்குத் தெரிந்திருந்தது.

வெறுந் தகரத்தின் மதிப்பைப் பெரிய முதலாளி ஒருவருக்கு ஆசியாவின் ஏழை வீடுகள் கற்பித்த கதையும் உண்டு. அமெரிக்காவின் ஸ்ராண்டர்ட் ஒயில் கம்பனி, ஐந்து அமெரிக்கக் கலன், அதாவது சுமார் 19 லீற்றர் கொண்ட நீலத் தகரங்களில் மண்ணெண்ணெயை அனுப்பி வந்தது. இலண்டன் வணிகர் மார்க்கஸ் சாமுவேல் இதற்குப் போட்டியாகத் தாங்கிக் கப்பலில் எண்ணெயை மொத்தமாகக் கொண்டுவரத் திட்டமிட்டார். 1892இல் அவருடைய மியூரெக்ஸ் என்ற கப்பல் சுயெஸ் கால்வாயைக் கடந்தது. எண்ணெய் மலிவு, வாங்குவோர் தத்தம் பாத்திரத்தோடு வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். சனங்கள் வரவில்லை. எண்ணெயோடு தகரமும் அவர்களுக்கு வேண்டியிருந்தது. நீர் அள்ளவும் கூரை வேயவும் சட்டி செய்யவும் அதைத்தான் நம்பியிருந்தார்கள். சாமுவேல் தகரத் தகடுகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பி, ஆசியாவிலேயே சிவப்புத் தகரங்களைச் செய்விக்க வேண்டியதாயிற்று. பிற்காலத்து ஷெல் கம்பனி காலூன்றிய கதையில் இதுவும் ஓர் அத்தியாயம்.

நமது ஊர்களிலும் அந்தத் தகரம் அப்படித்தான் வாழ்ந்தது. மேல்மூடியை வெட்டி, குறுக்கே ஒரு தடியை அடித்தால் தண்ணீர் சுமக்கும் வாளி. நெல் அவிக்கவும் அதுவே. வெட்டி விரித்தால் கோழிக்கூட்டுக்குக் கூரை, வளவுக்குத் தகரப் படலை. பால்பேணி அரிசி அளக்கும் சுண்டாயிற்று. அடியில் ஆணியால் துளையிட்டால் நாற்றுக்கு நீர் தெளிக்கும் பூவாளி. மூடியிற் கீறினால் உண்டியல். கடைகளிலிருந்து வந்த பெரிய சதுரப் பிஸ்கற் தகரங்களில் பயத்தம்பணியாரமும் முறுக்கும் நமர்க்காமல் இருந்தன. இவற்றை ஒருவரும் கலை என்றோ மீள்பாவனை என்றோ அழைத்ததில்லை. எறிவதற்கு மனம் வராது, அவ்வளவுதான்.

போர் இந்தப் பேணிகளுக்கு வேறொரு வேலையைக் கொடுத்தது. 1990இல் யாழ்ப்பாணத்தின்மீது பொருளாதாரத் தடை இறுகி மண்ணெண்ணெய் கிடைக்காமற் போனபோது, ஜாம் போத்தலில் சிறிது எண்ணெயும் பஞ்சும் இட்டு விளக்கெரித்த நாட்களை வாசகர்கள் அறிவார்கள். அதே காலத்தில் வீட்டின் மிக உறுதியான பிஸ்கற் தகரம் காணி உறுதியின் இருப்பிடமாயிற்று. பிறப்புச் சாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு, அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறு, இரண்டு மூன்று புகைப்படங்கள் ஆகியவற்றோடு அது பதுங்குகுழிக்குள் இறங்கியது. ஈரமும் கறையானும் உள்ள மண்ணில் கடதாசியைக் காக்க அதைவிட மலிவான வழி இருக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்த அன்று, றங்குப்பெட்டியை விட்டுவிட்டு அந்தத் தகரத்தை மட்டும் கையில் எடுத்தவர்கள் அனேகர்.

அதற்குள் இருந்த கடதாசிகளின் பெறுமதியை அகதி வாழ்வு நன்றாக உணர்த்தியது. நீல நிறத் தகரத்தில் வெண்ணெய் பிஸ்கற் அனுப்பும் டென்மார்க்கை எடுத்துக்கொள்வோம். அங்கே 1987 முதல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்பத்தினர் வந்து சேருவதற்கான விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகத் தடுத்து வைத்தார். சட்டப்படி உரிமை இருந்தும் மனைவியரும் பிள்ளைகளும் போருக்குள் காத்துக் கிடந்தார்கள். இந்த விவகாரத்தால் 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டரின் அரசு பதவி விலகியது. 1995இல் நின்-ஹான்சன் ஒத்திவைக்கப்பட்ட நான்கு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அன்று தமிழர் கையில் இருந்த ஆதாரம் விவாகப் பதிவும் பிறப்புப் பதிவுந்தான். இன்று அந்நாட்டின் நீலத் தகரங்கள் புலம்பெயர்ந்த வீடுகளில் ஊசியும் நூலும் பொத்தானும் தாங்கி நிற்கின்றன. பிஸ்கற் இருக்கும் என்று திறந்து ஏமாறாத பிள்ளை நம்மிடையே இருக்க முடியாது.

பழைய தகரங்களை வைத்திருப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். இரும்புத் தகட்டின்மேல் உள்ள வெள்ளீயப் பூச்சு மிக மெல்லியது. உப்பும் புளியும் ஊறுகாயும் அதை அரித்துவிடும். பழம்பொருட் சந்தையில் வாங்கும் சித்திரத் தகரங்களின் வர்ணத்திலும், பழைய பேணிகளை ஒட்டிய பற்றாசிலும் ஈயம் இருக்கலாம். அவற்றில் உணவு வைக்காமல் நூலோ பொத்தானோ வைப்பதே நல்லது. பத்திரங்கள் உள்ள தகரத்தை நிலக்கீழ் அறையில் வைக்கக் கூடாது. ஈரம் உள்ளே சிக்கினால் மூடியின் துருவே கடதாசியைத் தின்றுவிடும். ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து உலரவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பிரதி எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும்.

காணி உறுதி உள்ளவர்களுக்கு இது வெறும் வீட்டு யோசனை அன்று. போரினால் தம் காணிக்குத் திரும்ப முடியாதிருந்தவர்களின் உரிமை, பிறர் நீண்டகாலம் இருந்துவிட்டார்கள் என்ற காரணத்தால் பறிபோகாதிருக்க, இலங்கைப் பாராளுமன்றம் 2016இல் ஒரு விசேட சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் எந்தச் சட்டத்தின்முன் நின்றாலும் முதலிற் கேட்கப்படுவது உறுதியைத்தான். அதிலுள்ள வளவின் பெயர், பரப்பளவு, எல்லைக்கு எவர் காணி என்பனவற்றை விளங்கிக்கொள்ளும் பெரியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். இந்த நாடுகளிற் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. வீட்டை ஒதுக்கும் நாளில் அவர்கள் கண்ணுக்கு அது துருப்பிடித்த ஒரு பிஸ்கற் தகரம் மாத்திரமே. ஆகவே இப்போதே அவர்களைக் கூட்டி வைத்து, மூடியைத் திறந்து, ஒவ்வொரு கடதாசியும் என்னவென்று வாசித்துச் சொல்லி, அந்த விபரத்தை அவர்களுக்குத் தெரிந்த மொழியில் எழுதி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள்.