விழித்திரைச் சிதைவுப் பன்னாட்டுக் கருத்தரங்கும் இளம் ஆய்வாளர் பயணக்கொடையும்

விழித்திரையில் ஒளியை உணரும் கோல் செல்களும் கூம்புச் செல்களும் ஏன் அழிகின்றன, அந்த அழிவை எப்படித் தடுக்கலாம் என்று ஆராய்பவர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கூடும் அறிவியல் கூட்டம் விழித்திரைச் சிதைவுப் பன்னாட்டுக் கருத்தரங்கு. மேத்யூ லாவெய்ல், ஜோ ஹாலிஃபீல்டு, ராபர்ட் ஆண்டர்சன் என்னும் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1984இல் இதைத் தொடங்கினார்கள். ஆய்வு மாணவர்களையும் முனைவர் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆனவர்களையும் பயணச் செலவு கொடுத்து வரவழைப்பது இதன் தனி அடையாளம்.

முன்வரலாறு

இத்துறையின் பெரிய கண்டுபிடிப்புகளில் பல இளவயதினர் செய்தவை. தவளையின் விழித்திரை இருளில் சிவந்திருப்பதையும் வெளிச்சம் பட்டதும் வெளுப்பதையும் 1876இல் ரோம் நகரில் கண்டறிந்த ஃபிரான்ஸ் போலுக்கு அப்போது வயது 27. காசநோய் அவரை முப்பது வயதில் கொண்டுபோனது. அவர் கண்ட செந்நிறமிதான் இன்று நாம் ரொடாப்சின் என்று சொல்வது.

பயணக்கொடை என்ன செய்யும் என்பதற்கு ஜார்ஜ் வால்டின் கதையை விடத் தெளிவான சான்று கிடையாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செலிக் ஹெக்ட்டிடம் பயின்று முனைவரான வால்ட், 1932இல் அமெரிக்கத் தேசிய ஆய்வுக் கழகத்தின் உதவித்தொகையோடு ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். பெர்லினில் ஓட்டோ வார்பர்க்கின் ஆய்வகத்தில் இருந்தபோது விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதைக் கண்டார். அதை உறுதிசெய்துகொள்ள, அந்த வைட்டமினின் அமைப்பை அப்போதுதான் விடுவித்திருந்த பால் காரரைத் தேடி சூரிச் போனார். அங்கிருந்து ஹைடல்பெர்க்கில் ஓட்டோ மேயர்ஹோஃபின் ஆய்வகத்துக்கு. விடுமுறையில் எல்லாரும் போய்விட்ட நேரத்தில் ஹங்கேரியிலிருந்து 300 தவளைகள் வந்து இறங்கின. திறந்துவிட இருந்த அந்தத் தவளைகளை வால்ட் கேட்டு வாங்கிக்கொண்டார். நிறமி வெளுக்கும்போது பிரிந்துவரும் மஞ்சள் பொருளை அவற்றிலிருந்துதான் கண்டுபிடித்தார். ஒரே உதவித்தொகை, மூன்று ஊர், மூன்று ஆசான்கள். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அவரைத் தாய்நாட்டுக்குத் திருப்பி அழைத்தார்கள். 1967இல் நோபல் பரிசு பெற்றபோது பாராட்டப்பட்ட பணியின் வேர் அந்த ஓராண்டில் இருக்கிறது.

எல்லாருக்கும் அப்படி ஓராண்டு வாய்ப்பதில்லை. ஆளுக்கு ஓராண்டு கொடுக்க முடியாத காலத்தில், ஒரு வாரத்துக்குள் பல ஆசான்களை ஓரிடத்தில் காண வழிசெய்தவை கூட்டங்கள். கண் ஆய்வுக்கென 1928இல் வாஷிங்டனில் உருவான சங்கம் முதலில் கண் மருத்துவர்களுடையதாகவே இருந்தது. 1970இல் ‘பார்வை’ என்ற சொல்லைத் தன் பெயரில் சேர்த்துக்கொண்டு உயிரியலாருக்கும் உரியதானது. ஆயிரக்கணக்கானோர் திரளும் அதன் ஆண்டுக் கூட்டத்துக்கும் மாணவர்க்கான பயணக்கொடை உண்டு. ஆனால் திருவிழாக் கூட்டத்தில் புதிதாக வந்த மாணவர் யாரிடம் போய்ப் பேசுவார்? சிறிய கூட்டங்களின் தேவை அங்கேதான் எழுந்தது.

தொடக்கமும் அமைப்பும்

தொடங்கிய மூவரும் ஒளி உணர் செல்களின் வாழ்வையும் சாவையும் ஆராய்ந்தவர்கள். கோல் செல்லின் நுனித் தட்டுகள் நாள்தோறும் உதிர்ந்து புதிதாக வளர்கின்றன. எலியில் அந்த உதிர்வு ஒளி, இருள் சுழற்சியோடு இணைந்து நடக்கிறது என்று 1976இல் காட்டியவர் லாவெய்ல்.

உலகக் கண் ஆய்வுப் பேரவை எந்த நாட்டில் கூடுகிறதோ, அதையொட்டி அந்தப் பக்கத்திலேயே இந்தக் கருத்தரங்கை வைப்பது வழக்கமானது. கடல் கடந்து வருபவர் ஒரே பயணச் செலவில் இரண்டிலும் கலந்துகொள்ளலாம். கையில் காசில்லாத ஆய்வு மாணவருக்கு இது சின்ன உதவியல்ல. பெரும்பாலும் பெருநகரங்களைத் தவிர்த்து ஒதுக்குப்புறமான ஊர்களைத் தேர்ந்தார்கள்: 2006இல் அர்ஜென்டினாவின் பாரிலோச்சே, 2008இல் சீனாவின் எமெய் மலையடிவாரம், 2010இல் கனடாவின் மோன் திராம்பிளான், 2012இல் ஜெர்மனியின் பாத் கோகிங். வந்தவர்கள் ஒன்றாகத் தங்கி ஒன்றாகவே உண்ண வேண்டியிருக்கும். பேராசிரியர் பேசி முடித்ததும் டாக்சி பிடித்து ஓடிவிட முடியாத இடம் மாணவருக்கு எவ்வளவு நல்லது என்பதை, தன் முடிவுகளைச் சுவரொட்டியாக மாட்டிவைத்து யாராவது நின்று கேட்பார்களா என்று காத்திருந்தவர்கள் அறிவார்கள்.

பணம் வந்த வழி

பயணக்கொடைக்கு அமெரிக்கத் தேசிய கண் நிறுவனமும் பார்வையிழப்பை எதிர்க்கும் அறக்கட்டளையும் நிதி தந்தன. இரண்டாவதை நினைவில் வைக்க வேண்டும். 1971இல் அதை நிறுவியவர்கள் விஞ்ஞானிகள் அல்லர்; விழித்திரைச் சிதைவு நோய் நுழைந்த குடும்பத்தினர். நிறுவியவர்களுள் ஒருவரான கோர்டன் கண்ட், மாலைக்கண்ணில் தொடங்கி மெல்லப் பார்வையைக் குறுக்கும் நிறமி விழித்திரை நோயால் பார்வையை முற்றாக இழந்தவர். சுமார் 4,000 பேருக்கு ஒருவரைத் தாக்கும் நோய் அது. மருந்தே இல்லாத காலத்தில் அத்தகையோர் திரட்டிய பணத்தின் ஒரு பங்கு, முகமறியாத மாணவர்களின் விமானச் சீட்டுக்கும் போனது. அவர்களுடைய பொறுமையை எண்ணினால் மனம் நெகிழ்கிறது.

கருத்தரங்கு ஒவ்வொன்றின் கட்டுரைகளும் நூலாக வருகின்றன. பயணக்கொடை பெற்று வந்த இளையவர்களின் ஆய்வுகளும் அத்தொகுதிகளில் இடம்பெறுகின்றன.

மாணவர் அமைப்பாளரான கதை

1924இல் ஹார்வர்டில் ஆய்வு மாணவராக இருந்த கிளைட் கீலர், கோல் செல்களே இல்லாத விழித்திரையுடைய சுண்டெலிகளைக் கண்டு எழுதினார். அவ்வகைச் சுண்டெலியின் குறை எந்த மரபணுவில் என்பது அறுபதாண்டுக்கு மேல் தெரியவில்லை. கோல் செல்லின் ஒளிச் செய்தியைக் கடத்தும் நொதி ஒன்றின் துணை அலகில் அது இருப்பதை 1990இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட குழுவின் முதல் ஆசிரியர் கேத்தரின் பவுஸ். லாஸ் ஏஞ்சலிஸில் டெபோரா ஃபார்பரின் ஆய்வகத்தில் இளம் ஆய்வாளராக இருந்தவர். மனிதரின் நிறமி விழித்திரை நோய்க்கு ரொடாப்சின் மரபணுவில் ஒரு பிழை காரணமாகலாம் என்று தாடியஸ் டிரைஜாவின் குழு காட்டியதும் அதே ஆண்டில்தான். பின்னாளில் கேத்தரின் பவுஸ் ரிக்மன் என்ற பெயரில் இக்கருத்தரங்கின் அமைப்பாளர்களுள் ஒருவரானார். ஜான் ஆஷும் சூரிச்சைச் சேர்ந்த கிறிஸ்டியன் கிரிமும் அவ்வாறே சேர்ந்தார்கள்.

இதற்கிடையே, விழித்திரையைச் சிதைக்கும் ஆர்பிஇ65 மரபணுக் குறை உடையவர்களுக்கு 2007இல் மரபணு மருத்துவம் முதன்முதல் செய்துபார்க்கப்பட்டு, 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. கருத்தரங்கு 2016இல் கியோட்டோவிலும் 2018இல் அயர்லாந்தின் கில்லார்னியிலும் கூடியது. 2020ஆம் ஆண்டுக் கூட்டம் பெருந்தொற்றால் 2021க்குத் தள்ளிப்போனது. இருபதாவது கருத்தரங்கு 2023இல் ஸ்பெயினின் டொரெமோலினோஸில் நடந்தது.