எமன் வேடமும் வயதெல்லையும்

நூற்றாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, அதற்கு என்னிலும் தகுதியான அக்காமார் பலர் இருக்கிறார்கள் என்று சொல்லித் தப்பிக்கவே நினைத்தேன். ஆனால் நான் வாழும் இங்கிலாந்து நகரில் கடந்த ஆண்டு நடந்த ஒரு சிறு சம்பவம் என்னை நம் கல்லூரி மேடைக்கே திருப்பிக் கொண்டுவந்துவிட்டது.

அங்குள்ள இளையோர் நாடகக் குழு ஒன்று ‘லே மிசராப்’ இசை நாடகத்தின் பாடசாலைப் பதிப்பை மேடையேற்றப் போவதாக அறிவித்தது. நடிகர் தெரிவுக்கு மகளைக் கூட்டிச் சென்றேன். வரிசையில் நின்றபோது, பதிவு செய்துகொண்டிருந்த இளம்பெண்ணிடம், “அம்மாமாருக்கும் இடமுண்டா?” என்று பாதி விளையாட்டாகக் கேட்டேன். அவள் சிரித்தாள். “இன்று இதைக் கேட்கும் நான்காவது ஆள் நீங்கள். மன்னிக்க வேண்டும், பாடசாலை வயதினருக்கு மட்டும்தான்” என்றாள்.

நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் மனம் குடைந்தது. வளர்ந்த மனிதர்கள் ஏன் சிறுவருக்கான நாடகத்தில் இடம் கேட்கிறோம்? ஏன் நமக்கு இல்லை என்கிறார்கள்?

முதற் காரணம் உரிமம். ‘லே மிசராப்’ 1985இல் இலண்டனில் அரங்கேறியது. தொழில்முறை அரங்கில் அது ஓடிக்கொண்டிருந்த நீண்ட காலம் முழுவதும், வளர்ந்த பொழுதுபோக்குக் கலைஞருக்கு அதை மேடையேற்றும் உரிமை எளிதில் கிடைக்கவில்லை. பாடசாலைகளுக்கு மாத்திரம் சுருக்கிய பதிப்பொன்று கிடைத்தது. நடிப்போர் மாணவராகவே இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆகவே அந்தப் பாடல்களை மேடையில் ஒருமுறையேனும் பாடிவிட ஏங்கும் பெரியவர்கள் பிள்ளைகளின் கதவைத் தட்டுகிறார்கள்.

இரண்டாவது காரணம் இன்னும் பழையது. முற்காலத்தில் நாடகத்துக்கு ஏற்பப் பிள்ளையை வளைத்தார்கள். 1879 டிசம்பரில் இலண்டனில், கில்பேட்டும் சலிவனும் ஆக்கிய ‘பினஃபோர்’ இசை நாடகத்தை முழுக்க முழுக்கச் சிறுவரைக் கொண்டே மேடையேற்றினார்கள். ‘ஆலிஸ்’ கதைகளை எழுதிய லூயிஸ் கரோலுக்கு அது பிடிக்கவில்லை. பெரியோருக்கென எழுதிய வசைச் சொல்லைப் பிஞ்சு வாய்கள் பாடியது தமக்கு வேதனை தந்ததாகப் பின்னர் எழுதினார்.

நம் தமிழ் மேடையும் அதே வழியில் போனதுதான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அவ்வை தி. க. சண்முகமும் சகோதரர்களும் சின்னஞ்சிறு வயதில் அங்கேதான் சேர்ந்தார்கள். சுவாமிகள் கண்டிப்பான ஆசான். சிறுவன் சண்முகத்துக்காகவே ‘அபிமன்யு சுந்தரி’யை எழுதினார் என்பர். எனினும் பாலர் கம்பனிகளின் வாழ்வு இலேசானதல்ல. வீட்டைப் பிரிந்து, ஊர் ஊராகப் போய், பெரியோரின் நாடகங்களைப் பெரியோருக்காக ஆட வேண்டும். குரல் உடையும் பருவத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘மகரக்கட்டு’. அது வந்ததும் நேற்றுவரை கொண்டாடப்பட்ட பையன் வேடத்தை இழந்து ஒதுங்கி நிற்பான்.

மருத்துவராகச் சொன்னால், மகரக்கட்டு நோயல்ல. பருவமடையும்போது குரல்வளை வளர்கிறது. குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. ஆண்பிள்ளையின் சுருதி ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழிறங்கும். பெண்பிள்ளைக்கும் மாற்றம் உண்டு. அது சிறிது என்பதால் நாம் கவனிப்பதில்லை. அந்த மாதங்களில் எட்டாத சுருதியை வற்புறுத்திப் பாடவைத்தால் குரல் களைத்துப்போகும்.

இதை உணர்ந்து முறையைத் தலைகீழாக்கியவர்கள் நியூயோர்க்கின் மியூசிக் தியேட்டர் இன்டர்நஷனல் நிறுவனத்தினர். இசையமைப்பாளர் ஃபிராங்க் லெசரும் டொன் வோக்கரும் 1952இல் நிறுவிய அந்த உரிம நிறுவனம், 1990களில் ‘புரோட்வே ஜூனியர்’ என்ற வரிசையைத் தொடங்கியது. இரண்டரை மணி நேர நாடகம் ஒரு மணி நேரமாகியது. பாடல்களின் சுருதி வளரும் குரல்களுக்கு ஏற்ப மாற்றப்பட்டது. கூட்டமாகப் பாடும் பிள்ளைக்கும் வேலை கிடைத்தது. பிள்ளையின் அளவுக்கு நாடகத்தைத் தைத்தார்கள். அந்தச் சட்டைக்குள் நாங்கள் நுழைந்தால் தையல் பிரியும். ஒரு பிள்ளை சட்டையில்லாமல் நிற்கும்.

பெரியவர் சிறுவராக நடிப்பதே பிழை என்று நான் சொல்ல வரவில்லை. 1954இல் புரோட்வேயில் ‘பீட்டர் பான்’ இசை நாடகத்தில் வளர மறுத்த சிறுவனாகப் பறந்த மேரி மார்ட்டினுக்கு அப்போது வயது 40. அது பெரியோரின் மேடை. அவர் எவருடைய இடத்தையும் பறிக்கவில்லை. மூத்தோரின் ஆசையை அதே உரிம நிறுவனமும் பின்னர் புரிந்துகொண்டது. இன்று முதியோர் நடிப்பதற்கென்றே சுருக்கிய ‘சீனியர்’ பதிப்புகளையும் அது வழங்குகிறது.

இனி நம் கதைக்கு வருகிறேன். 1995ஆம் ஆண்டு பரிசளிப்பு விழாவுக்காக எங்கள் சங்கீத ரீச்சர் ‘சத்தியவான் சாவித்திரி’யைப் பழக்கினார். ஊர்க் கோயில்களில் விடிய விடிய ஆடப்பட்ட சுவாமிகளின் நாடகத்தை முக்கால் மணி நேரத்துக்குச் சுருக்கி, எங்கள் தொண்டைக்கு ஏற்பச் சுருதியைக் குறைத்து, ஒரு சீ.ஆர். கொப்பியில் தன் கையாலேயே எழுதியிருந்தார். நியூயோர்க்கில் செய்ததை எந்த நிறுவனமும் உரிமமும் இல்லாமல், மின்சாரமும் இல்லாமல், ரீச்சர் இங்கே செய்தார்.

எனக்குப் பதினான்கு வயது. எமன் வேடம். “பிள்ளை, எமன் கத்தத் தேவையில்லை. ஆறுதலாப் பாடு, அப்பத்தான் சனம் பயப்பிடும்” என்பார். மட்டைக் கிரீடம் ஒத்திகையில் மூன்று முறை விழுந்தது. நான்காவது ஒத்திகை நடக்கவில்லை. ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது. சாவித்திரி வன்னிக்குப் போனாள், பின்பு கனடாவுக்கு. சத்தியவான் இப்போது மெல்பேணில் கணக்காளர். எனக்கோ எமனோடு மல்லுக்கட்டும் தொழில் வாய்த்தது.

நூற்றாண்டுக் கலைவிழாவில் அந்த நாடகத்தை நாங்களே ஆடுவோம், இன்றைய மாணவியர் பின்பாட்டுப் பாடட்டும் என்று எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் யோசனை எழுந்தது. முதலில் கை தூக்கியவள் நான்தான். முப்பது வருடத்துக் கடன் அல்லவா? கனடாத் தோழி இடப்பெயர்விலும் கைவிடாமல் காத்த கொப்பியின் படங்களைக்கூட அனுப்பிவிட்டாள்.

அந்தப் பக்கங்களைப் பார்த்தபோதுதான் மனம் மாறியது. ஓரங்களில் ரீச்சரின் குறிப்புகள்: “இவளுக்கு மேல் சுருதி எட்டாது”, “இந்த இடத்தில் பிள்ளைகள் மூச்சு எடுக்கட்டும்”. ஒரு வரிகூட நாற்பது வயதுக்காரிக்காக எழுதப்படவில்லை. எங்களிடமிருந்து அந்த மேடையைப் போர் பறித்தது. இன்றைய பதினான்கு வயதுக்காரியிடமிருந்து நாங்கள் பறிக்கலாமா?

ஆகவே தோழியரே, உங்கள் சம்மதத்தோடு ஒரு வேண்டுகோள். கொப்பியைக் கல்லூரிக்கே கொடுத்துவிடுவோம். சாவித்திரியும் சத்தியவானும் எமனும் இன்றைய வகுப்பறைகளிலிருந்து தெரிவாகட்டும். உடுப்புக்கும் ஒலிவாங்கிக்கும் ஆகும் செலவு எங்களுடையது. எங்களுக்கும் ஆசை தீர வேண்டுமென்றால், மறுநாள் பழைய மாணவியர் ஒன்றுகூடலில் எங்கள் குரலுக்கும் எங்கள் முழங்காலுக்கும் ஏற்ப வேறொரு பதிப்பை நாங்களே எழுதி ஆடுவோம். அதற்கு நடிகர் தெரிவு கிடையாது. வருபவர் எல்லோருக்கும் வேடம் உண்டு.

எமனாகப் போகும் தங்கச்சிக்கு ஒரு சொல்: கிரீடத்தின் நாடாவைத் தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்டு. ஆறுதலாப் பாடு. முன்வரிசையில் ஒரு பழைய எமன் இருப்பாள்.