கவ்வு... தின்னாதே!

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போயிருக்கிறீர்களா? சாத்தூர் பக்கமிருந்து நடந்தே வரும் ஜனம், அக்னிச்சட்டி, மொட்டைத் தலைகள் என்று மூச்சு முட்டும். அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் நடுவே மாரியம்மன் உட்கார்ந்திருக்கிறாள். 'இரு கங்கைக் குடி'தான் இருக்கன்குடி ஆயிற்று என்பார்கள். பேர்தான் கங்கை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணல்!

கூட்டம் இல்லாத ஒரு நாளில் போய், ஊரைத் தாண்டி நின்று பாருங்கள். சீமைக்கருவேலத்தை மனசிலிருந்து வெட்டி எறிந்துவிட்டால், மிச்சம் கரிசல். ஒளிய இடமில்லாத வெட்டவெளி. நம் கதையின் நாயகனை உருவாக்கியது அந்த வெட்டவெளிதான். நாயகன் என்றால்... நாய்.

அதற்கு முன் ஒரு நிமிஷம் இங்கிலாந்து போய்விட்டு வருவோம். அங்கே 19-ம் நூற்றாண்டின் நடுவில், பின்பக்கமாகத் தோட்டா போடும் துப்பாக்கி வந்தது. சடசடவென்று சுடலாம். சுட்ட பறவை புதரிலும் குளத்திலும் போய் விழும். யார் எடுப்பது? துரையா இறங்குவார்? கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் மீனவர்களோடு வலை இழுத்துக்கொண்டிருந்த நாயின் வம்சத்தை அந்த வேலைக்குப் பழக்கினார்கள். அதுதான் லேப்ரடார். 1903-ல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் அதற்குத் தனி இன அந்தஸ்து கொடுத்தது.

அதற்குச் சொல்லித்தரும் பாடம் சுவாரஸ்யமானது. முதலில் சும்மா உட்காரப் பழக்குவார்கள். வெடிச் சத்தம் கேட்டாலும் அசையக் கூடாது. பிறகு கித்தான் பொதி ஒன்றை வாயில் கொடுத்து, 'பிடி' என்பார்கள். மெல்லக் கூடாது, உதறக் கூடாது, வழியில் கீழே போடக் கூடாது. எஜமானின் கையில் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் செத்த பறவை. இறகு கலையாமல், எலும்பு நொறுங்காமல் கொண்டுவருகிற நாய்க்கு 'மென்வாய்' என்று பேர். கடித்துக் குதறுவது 'வன்வாய்'. அதை வேட்டைக்குச் சேர்க்க மாட்டார்கள்.

இப்போது கரிசலுக்குத் திரும்புங்கள். இங்கே சம்சாரி கையில் ஏது துப்பாக்கி? கௌதாரியையும் காடையையும் கண்ணி வைத்தும் வலை போட்டும் பிடித்தார்கள். கூண்டுக்குள் ஒரு கௌதாரியைக் கத்தவிட்டு, சண்டைக்கு வருகிற இன்னொன்றைப் பிடிக்கும் தந்திரமும் உண்டு. ஆகவே பறவைக்கு நாய் வேண்டியிருக்கவில்லை. முயலுக்குத்தான் வேண்டியிருந்தது. வெட்டவெளியில் முயல் எழும்பி ஓடினால், துரத்திப் பிடிக்க இரண்டு கால் போதாது. சிப்பிப்பாறை, கன்னி என்று இன்று நாம் கொண்டாடுகிற, விலா எலும்பு தெரிய ஒடுங்கிய வயிறும் நீண்ட காலுமான நாய்கள் அப்படி வந்தவை. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுபவை. சீமையில் துப்பாக்கிக்குத் துணையாக நாய். இங்கே நாயேதான் துப்பாக்கி!

சாத்தூர் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம், "இதுக்கு எப்படிய்யா ட்ரெய்னிங் கொடுப்பீங்க?" என்று கேட்டேன். சிரித்தார். "நாம எங்க கொடுக்க? குட்டிய, பழகுன நாயோட கூட்டிட்டுப் போவோம். அது ஓடும், இது பார்க்கும். பிடிக்கிறது ரத்தத்துலயே இருக்கு தம்பி. பிடிச்சதத் திங்காம வச்சிருக்கணும் பாருங்க, அதான் பாடம்."

யோசித்துப் பாருங்கள். கம்பங்கூழும் கஞ்சியும் குடித்து வளர்ந்த நாய். வாயில் சூடான முயல். எஜமான் மூச்சிரைக்க ஓடிவருகிற வரைக்கும் கவ்விக்கொண்டு நிற்க வேண்டும். வந்தவர் முயலை வாங்கிக்கொண்டு, அதே இடத்தில் குடலை எடுத்து நாய்க்குப் போட்டுவிடுவாராம். "அன்னைக்குப் பங்கு குடுக்காம ஏமாத்துனா, மறுநாள் அது நம்மள ஏமாத்திப்பிடும்" என்றார். பி.காம். படித்த எனக்கு இந்தப் பற்று-வரவு உடனே புரிந்தது.

இந்த நாய்களைப் பற்றி வீரக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. பாளையக்காரர் போரில் வெள்ளைக்காரனின் குதிரை லாயத்துக்குள் ராஜபாளையம் நாய்கள் புகுந்த கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆவணம் கேட்டால் ஆளைக் காணோம். ஆனால் கல்லிலேயே எழுதிய சாட்சி ஒன்று வேறு பக்கம் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல். 7-ம் நூற்றாண்டு. மாடு பிடிக்க வந்தவர்களோடு மோதிச் செத்த வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயும் நிற்கிறது. திருடர்களைக் கடித்து எஜமானைக் காத்து நின்ற அந்த நாயின் பேரும் கல்லில் உண்டு. கோவிவன்!

அப்படிப்பட்ட வம்சத்துக்கு வேலை போனது எப்போது? 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். நாய்ப் பட்டாளத்துக்குச் சோறு போட்ட அரண்மனைகள் ஓய்ந்தன. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 1991-ல் அதைத் திருத்தியபோது, லைசென்ஸ் வாங்கி வேட்டையாடும் பழக்கமும் முடிந்தது. முயலின் பக்கம் நின்று பார்த்தால் ரொம்ப நியாயம். நாயின் பக்கம் நின்று பார்க்கத்தான் ஆள் இல்லை. 2005-ல் ராஜபாளையத்துக்குத் தபால்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலிப் பேச்சில் சிப்பிப்பாறையையும் கன்னியையும் பேர் சொன்னார். குட்டிக்குக் கிராக்கி ஏறியது.

சென்னை நண்பர் ஒருவரும் ஆசையாக சிப்பிப்பாறைக் குட்டி வாங்கினார். இரண்டாவது மாடி ஃப்ளாட். ஒரு வருஷம் கழித்து போன் செய்தார். "பந்தை எறிஞ்சா எடுத்துட்டே வர மாட்டேங்குது சார். பாதி தூரம் ஓடுது, பந்து நின்னதும் திரும்பி வந்துடுது." ஓடுகிற வரைக்கும்தான் அதற்கு அது இரை என்று விளக்கிப் பார்த்தேன். அவருக்குத் திருப்தியில்லை.

அப்புறம் லேப்ரடார் வாங்கிவிட்டார். சிப்பிப்பாறை இப்போது அவருடைய மாமனார் ஊர்த் தோட்டத்தில் இருக்கிறது. சங்கிலியில்தான் கட்டிப்போட்டிருக்கிறார்களாம். பக்கத்துக் காட்டில் முயல் இருக்கிறதாம்.