விடுதலையைத் தீர்மானிப்பவர் யார்?

தண்டனைக் காலம் முடிவடையுமுன் கைதியொருவரை மன்னித்து விடுவிக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 34 ஆம் உறுப்புரை ஜனாதிபதிக்கு வழங்குகின்றது. மரண தண்டனைக் கைதியாயின், வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்ட மா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் பரிந்துரை ஆகியன பெறப்பட வேண்டும். கொல்லப்பட்டவரின் குடும்பத்தாரிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் அதில் எங்கும் இல்லை.

மிருசுவிலில் 2000 டிசம்பரில் சிறுவர்கள் உட்பட எட்டுத் தமிழர்கள் கொல்லப்பட்டனர். இராணுவ சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு 2015 இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2019 இல் உயர் நீதிமன்றத்தால் உறுதி செய்யப்பட்டது. மறு ஆண்டு மார்ச்சில், நாடு கொரோனா ஊரடங்கில் முடங்கிக் கிடந்த வேளையில், அவர் மன்னிக்கப்பட்டார். 2021 இல் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவும் மன்னிக்கப்பட்டார். இந்த இரண்டாவது மன்னிப்பு செல்லாது என 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றமும், பில்கிஸ் பானு வழக்கில் 11 குற்றவாளிகளுக்குக் குஜராத் அரசு வழங்கிய தண்டனைக் குறைப்பை இரத்துச் செய்தது. அங்கே கோத்ராவில் ஆலோசனைக் குழு ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆயினும் ஆளுங்கட்சியின் சட்டசபை உறுப்பினர்கள் அதில் அமர்ந்திருந்தனர். விடுதலை கூடாதென்ற மும்பை நீதிபதியின் கருத்தும் பொருட்படுத்தப்படவில்லை. எனவே, சபையொன்றை அமைத்துவிட்டால் போதும் என்று எண்ணுவதற்கில்லை.

ஓய்வுபெற்ற நீதிபதி, உளநல மருத்துவர், நன்னடத்தை உத்தியோகத்தர், சிறைச்சாலை அனுபவமுள்ளவர் ஆகியோரைக் கொண்ட சபையே எமக்குத் தேவை. அரசியல்வாதிகளுக்கு அதில் இடமிருக்கலாகாது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என மூவினத்தவரும் அதில் இருத்தல் வேண்டும். குற்றத்தின் தன்மை, சிறையில் கைதியின் நடத்தை, வெளியே வந்தால் ஏற்படக்கூடிய ஆபத்து ஆகியவற்றை ஆராய்ந்து, காரணங்களை எழுத்தில் தர வேண்டும். இங்கிலாந்தில் 1960களிலிருந்தே பரோல் சபை உண்டு. அங்கும் அதன் முடிவுகளுக்கான காரணங்கள் வெளிப்படுத்தப்படாதிருந்தன. 2018 இல் ஒரு பாலியல் குற்றவாளியை விடுவிக்கும் முடிவு நீதிமன்றத்தில் இரத்தான பின்னரே அந்தத் திரை விலகியது.

பாதிக்கப்பட்டோரின் குரல் இன்றியமையாதது. இஸ்லாத்தின் கிஸாஸ் சட்டத்தில் மன்னிக்கும் உரிமை கொல்லப்பட்டவரின் வாரிசுகளுக்கே உண்டு. அச்சட்டத்தை இங்கு கொண்டுவருமாறு நாம் கேட்கவில்லை. ஆனால் இழந்தவரைக் கேளாமல் மூன்றாமவர் மன்னிப்பது முறையா என்ற அதன் கேள்வி, மிருசுவிலுக்கும் பொருந்தும்.

எழுத்துமுறை ஒழுங்காக இல்லாவிடின் என்ன நேரும் என்பதற்கு 2025 வெசாக் மன்னிப்பு சான்று. ஜனாதிபதி அங்கீகரித்த பட்டியலில் பெயரில்லாத ஒருவர் அநுராதபுரம் சிறையிலிருந்து வெளியேறினார். சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகமே அது தொடர்பில் கைதானார்.

துமிந்த சில்வா வெளியேறிய அதே நாளில், பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் தண்டனை பெற்றிருந்த 16 தமிழர்களும் விடுவிக்கப்பட்டனர். அவர்களிற் பலருக்குத் தண்டனை முடியச் சொற்ப காலமே இருந்தது. படுவான்கரையிலும், 2019 ஏப்ரலின் பின் காத்தான்குடியிலும், இச்சட்டத்தின் கீழ் பிள்ளைகளைத் தடுப்பில் விட்டுக் காத்திருந்த பெற்றோருக்கு எந்த மன்னிப்பும் உதவியிராது. தண்டிக்கப்படாதவரை மன்னிக்க இயலாதல்லவா? அவர்கள் மீது வழக்குத் தொடுப்பதா, விடுவிப்பதா என்பதை உரிய காலத்தில் தீர்மானித்திருக்க வேண்டியது சட்ட மா அதிபர் திணைக்களமே.