வயல்ல களை, தறியில பாய்

போன வாரம் பூரா கோரை பறிச்சே இடுப்பு விட்டுப்போச்சு. நகரத்துல இருக்கிறவங்களுக்கு இந்தக் கோரையைத் தெரிஞ்சிருக்காது. மேல புல்லைப் பிடுங்கினா கிழங்கு மண்ணுக்குள்ளயே தங்கிடும். ரெண்டு மூணு நாள்ல திரும்ப முளைச்சு நிக்கும். விவசாயிக்கு இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது.

அந்தக் கோரைக்கு அண்ணன் முறை ஒண்ணு இருக்கு, பாய்க்கோரை. ஆத்தோரத்துலயும் வாய்க்கால் ஓரத்துச் சேத்துலயும் இடுப்பு உயரத்துக்கு மேல நெருக்கமா வளரும். மாடுகூட விரும்பித் திங்காது. தாமிரபரணிக் கரையில எல்லாரும் பாத்துக்கிட்டேதான் நடந்தோம். பத்தமடைக்காரங்க மட்டும் அதுல பாயைப் பாத்தாங்க.

பத்தமடை திருநெல்வேலியில இருந்து அம்பாசமுத்திரம் போற ரோட்டுல, சேரன்மகாதேவிக்குப் பக்கத்துல இருக்கு. அங்க லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் நூறு வருஷத்துக்கு மேல பாய் முடையுறாங்க. முரட்டுப் பாய் நம்ம நாட்டுல எல்லா ஊர்லயும் உண்டு. படுக்க, பந்தி போட, பிள்ளை பெத்தவளுக்கு விரிக்க, செத்தவங்களைக் கிடத்த, எல்லாத்துக்கும் பாய்தான். இவங்க அதையே பட்டு மாதிரி ஆக்கிட்டாங்க. பேரே பட்டுப் பாய். சேலை மாதிரி மடிச்சு வைக்கலாம்.

எப்படின்னு கேட்டா, பாதி வேலை தண்ணியோடது. கோரையைப் பச்சையா இருக்கும்போதே அறுக்கணும். முத்திப் பழுத்துட்டா ஒடியும். கிழிச்சுக் காயப்போட்டு, கட்டுக் கட்டா ஓடுற தண்ணியில ஒரு வாரம் போல ஊறவைப்பாங்க. ஊறி உப்பும். திரும்பக் காயவச்சு, உள்ள இருக்கிற சோத்தை வழிச்செடுத்துட்டு, தோலை நூல் கணக்கா கிழிப்பாங்க. பாவுக்குப் பருத்தி நூல், ஊடைக்குக் கோரை. தறி தரையோட தரையா இருக்கும். நெய்யிறவங்க நெஞ்ச பாய் மேலயே உக்காந்து முன்னால நகருவாங்க. 100 கவுண்ட், 120 கவுண்ட்னு சொல்லுவாங்க. எண்ணு கூடக்கூட பாய் மெலிசாகும், நாளும் கூடும். நல்ல பாய் ஒண்ணுக்கு வாரக் கணக்கா ஆகும்.

சாயக் கோரை குறுக்க ஓடுறதால கரை தானா வந்துடுது. மரக்கட்டையைக் கொதிக்கவச்சு எடுத்த சிவப்புதான் பழைய சாயம். கல்யாணப் பாய்ல பொண்ணு மாப்பிள்ளை பேரையும் சேத்து நெய்வாங்க.

மூத்த மக கல்யாணத்துக்கு அப்படி ஒண்ணு சொல்லலாம்னு போனேன். விலையைக் கேட்டதும், "புல்லுக்கா பெரியம்மா இவ்வளவு?"ன்னு வாய் விட்டுட்டேன். அந்த அம்மா கோவிக்கல. ஒரு கோரையும் கத்தியும் கையில தந்து, "நீங்களே கிழிச்சுப் பாருங்க தம்பி"ன்னாங்க. நாப்பது வருஷம் அரிவாள் பிடிச்ச கை. முதல் கோரை பாதியில அறுந்துச்சு, ரெண்டாவது ஒரு பக்கம் தடியாப் போச்சு, மூணாவதுல விரல் கிழிஞ்சுது. பேசாம முன்பணத்தை எடுத்து வச்சேன்.

2013-ல பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது. ஆனா பிளாஸ்டிக் பாய் வந்த பிறகு முரட்டுப் பாய்க்கே கிராக்கி இல்ல, மெல்லிசுக்கு எங்க? காவிரிப் பக்கம் கரூர், முசிறியில கோரையைப் பயிராவே போடுறாங்க. மிஷின் தறியும் வந்தாச்சு. நூல் கணக்கா கிழிக்கிற விரலுக்குத்தான் மிஷின் இல்ல. "உங்க மக கத்துக்கிட்டாளா?"ன்னு அந்த அம்மாகிட்ட கேட்டேன். "அவ கடையில பில் போடப் போறா, தினம் சம்பளம்"னாங்க.

அவளைக் குத்தம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? என் மகனும் வயலுக்கு வர்றதில்ல.

பாய் சொன்ன தேதிக்கு வந்துடுச்சு. மக அதை விரிக்கிறதே இல்ல, அழுக்காயிடுமாம். பீரோவுல மடிச்சு வச்சிருக்கா. நான் போறப்பல்லாம் எடுத்து ஒரு தடவை தடவிப் பாத்துட்டுத் திரும்ப வச்சிடுவேன்.