மயிரிழை பிசகிய குறி

துப்பாக்கி என்றால் கண் பார்த்த இடத்தைச் சுடும் என்று பலர் நினைப்பதுண்டு. உண்மை அதுவல்ல. குழாயின் நுனியில் ஒரு சிறிய முள் இருக்கிறது. பின்னால், வெட்டு விழுந்த ஒரு தகடு இருக்கிறது. இவை இரண்டும் நேராக நின்றால்தான் குண்டு குறித்த இடத்தை அடையும். இந்தச் சிறு விஷயம் ஒரு பேரரசுக்கே பாடம் புகட்டிய கதை உண்டு.

1899 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனுக்கும் போயர்களுக்கும் போர் மூண்டது. போயர்கள் விவசாயிகள். அழைப்பு வந்தால் சொந்தக் குதிரை, துப்பாக்கி, எட்டு நாள் உணவு ஆகியவற்றோடு புறப்பட வேண்டும் என்பது அவர்களுடைய வழக்கம். டிரான்ஸ்வால் அரசு ஜெர்மனியில் வாங்கிய மவுசர் துப்பாக்கிகள் பண்ணை வீடுகளில் இருந்தன. வீட்டில் வைத்துச் சுட்டுப் பழகியவனுக்குத் தன் துப்பாக்கி எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பது தெரியும். குண்டு வலப்புறம் போனால் பின்தகட்டை இடப்புறம் நகர்த்த வேண்டும். முள்ளை நகர்த்துவதானால் வலப்புறம் தட்ட வேண்டும். சூத்திரம் இவ்வளவுதான்.

அந்த டிசம்பரில் ஒரே வாரத்தில் ஸ்டோர்ம்பெர்க், மாகர்ஸ்ஃபொன்டெய்ன், கொலென்சோ ஆகிய மூன்று இடங்களில் பிரிட்டன் தோற்றது. கண்ணுக்குத் தெரியாமல் பதுங்கியிருந்த எதிரியே அதற்கு முக்கியக் காரணம். கொலென்சோவில் காயம்பட்டவர்களைச் சுமந்தவர்களில் காந்தி திரட்டிய சுமார் 1,100 இந்தியர்களும் அடங்குவர். அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள், தமிழர்களும் இருந்தனர்.

தோல்விகளுக்குப் பிறகு பிரிட்டன் அவசரமாகத் தொண்டூழியக் குதிரைப் படை ஒன்றைத் திரட்டியது. அவர்களுக்குக் கொடுத்த லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளில் அதிர்ச்சி காத்திருந்தது. 500 கஜ தூரத்தில் குண்டு சுமார் 18 அங்குலம் வலப்புறம் போனது! நெஞ்சைக் குறிபார்த்தால் குண்டு ஆளைத் தொடாமலே போய்விடும். முள்ளுக்கும் தகட்டுக்கும் இடையே ஏறக்குறைய இரண்டடி தூரம்தான். ஆகவே, தொழிற்சாலையில் நேர்ந்த பிசகு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வீரனின் கைத்திறன் எவ்வளவு இருந்து என்ன பயன்?

போர் 1902-ல் முடிந்தது. அடுத்து வந்த குட்டை லீ-என்ஃபீல்டில், பின்தகட்டை வீரனே இடமும் வலமும் நகர்த்தும் வசதி இருந்தது. ஆனால் முதல் உலகப் போரில் இலட்சக்கணக்கில் துப்பாக்கி தேவைப்பட்டபோது, உற்பத்தியை விரைவுபடுத்த 1916-ல் அந்த வசதியே கைவிடப்பட்டது. அவசரம் வந்தால் பாடம் மறந்துபோகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கருவி எவ்வளவு புதிதானாலும், அதைச் சோதித்துப் பார்ப்பவன் வேண்டும். பிசகைக் கண்டறிய வேண்டிய இடம் வீட்டு முற்றம். போர்க்களத்தில் கண்டறிந்தால் அதற்கு விலை உயிர்.