எழுபது வயதில் ஆலெஃப், பேத்

சென்ற முறை கலிபோர்னியாவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, காலை நடையில் ஒரு யூத அம்மையார் பழக்கமானார். வயது எழுபதுக்கு மேல். சனிக்கிழமை காலையில் மட்டும் நடைக்கு வரமாட்டார். தடித்த புத்தகம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு சினகாக் எனும் ஜெப ஆலயத்துக்குக் கிளம்பிவிடுவார். வழிபாட்டுக்குப் போகிறார் என்று நினைத்திருந்தேன். "வழிபாடு அப்புறம்தான். முதலில் வகுப்பு" என்றார். தோராவைப் பத்துப் பதினைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வரி வரியாகப் படித்து வாதம் செய்வார்களாம். வாரநாளில் எபிரேய எழுத்து வகுப்பு வேறு. ஆலெஃப், பேத் என்று ஆரம்பத்திலிருந்து. அவர் சிறுமியாக இருந்தபோது அவர்கள் ஊர் ஆலயத்தில் தோராவைச் சபை முன் வாசிக்கும் சடங்கு பையன்களுக்கு மட்டுமாம். இப்போது போவது முற்போக்குப் பிரிவு ஆலயம். அங்கே ஆண், பெண் பேதம் கிடையாது. விட்டுப்போனதை இந்த வயதில் செய்யப் போகிறார்.

ஊருக்குத் திரும்பியபின் இதைப் பற்றி நிறையப் படித்தேன். படித்ததில் என்னை அதிகம் பிடித்துக்கொண்டவர் ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக்.

யூதர்களில் பெரியவர்கள் உட்கார்ந்து படிப்பது புதிது அல்ல. பெத் மித்ராஷ் என்ற படிப்பு வீடு அவர்களுக்கு இரண்டாயிரம் வருஷப் பழக்கம். ஆனால் அங்கே போகிறவன் சிறுவயதிலேயே எழுத்தும் நூலும் அறிந்தவன். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் நிலைமை மாறியது. யூதர்களுக்குப் பள்ளியும் பல்கலைக்கழகமும் திறந்தன. 1818இல் ஹாம்பர்க் நகரில் தொடங்கிய சீர்திருத்த ஆலயத்தில் ஜெர்மன் மொழிப் பிரார்த்தனை, ஆர்கன் இசை எல்லாம் வந்தன. நல்ல மாற்றம்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் நூறு வருஷத்தில் கதேயை மனப்பாடமாகச் சொல்பவருக்குத் தன் பாட்டன் படித்த பக்கத்தை எழுத்துக்கூட்டவும் தெரியாமல் போயிற்று. (நம் வீடுகளில் கிரந்த எழுத்துச் சுவடியை வைத்துக்கொண்டு நாம் விழிக்கவில்லையா?)

ரோசன்ஸ்வைக் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை. 1886இல் காசெல் நகரில் பிறந்தவர். ஹெகலைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். நண்பர்களும் உறவினர்களும் கிறிஸ்தவத்துக்கு மாற, தானும் மாறுவது என்று 1913இல் முடிவு செய்தார். அந்த ஆண்டு பாவ நிவர்த்தித் திருநாளில் பெர்லினில் ஒரு ஜெப ஆலயத்துக்குப் போனதுதான் அவரைத் திருப்பியது என்பார்கள். எது காரணமோ, அக்டோபரில் தன் உறவினருக்குக் கடிதம் எழுதினார்: மாறப் போவதில்லை, யூதனாகவே இருக்கப்போகிறேன் என்று. பிறகு யுத்தம். பால்கன் போர்முனையில் இருந்துகொண்டு தன் பெரிய தத்துவ நூலைத் தபால் அட்டைகளில் எழுதி அம்மாவுக்கு அனுப்பினார்.

யுத்தம் முடிந்ததும் அவருடைய பேராசிரியர் மைனக்கே பல்கலைக்கழகத்தில் வேலைக்கு வழி செய்தார். வேண்டாம் என்றுவிட்டார். பென்ஷன் வேலைக்காகவே வாழ்ந்த என்னைப் போன்றவர்களுக்கு இதை ஜீரணிப்பது கஷ்டம். 1920இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பெரியவர்களுக்கான படிப்பு நிலையம் ஒன்றின் பொறுப்பை எடுத்துக்கொண்டார். பெயர் ஃபிரையஸ் யூடிஷஸ் லேர்ஹவுஸ். லேர்ஹவுஸ் என்பது அந்தப் பழைய படிப்பு வீடேதான். 'ஃபிரை' என்பதை இலவசம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது, கட்டணம் உண்டு. நுழைவுத் தேர்வு கிடையாது, யார் வேண்டுமானாலும் சேரலாம் என்பது பொருள்.

திறப்பு விழாப் பேச்சில் அவர் சொன்னதன் சாரம் இது. பழைய படிப்பு தோராவிலிருந்து தொடங்கி வாழ்க்கைக்குப் போகும். இனி எதிர்த் திசையில் போகவேண்டும். நூலை அறியாத வாழ்க்கையிலிருந்து, வெளி ஓரத்திலிருந்து, நடுவுக்கு வரவேண்டும். வருகிறவன் வக்கீலோ டாக்டரோ, தான் கற்ற எதையும் வாசலில் கழற்றி வைக்கவேண்டாம். அதோடுதான் உள்ளே வரவேண்டும்.

ஆசிரியர்களும் அப்படியே. வேதியியலாளர் எடுவர்ட் ஸ்ட்ராஸ் பைபிள் வகுப்பு நடத்தினார். மருத்துவர் ரிச்சர்ட் கோக் இன்னொருவர். பாண்டித்தியம் உள்ளவர்கள் இல்லாமல் இல்லை, ரபி நெஹெமியா நோபெல், மார்ட்டின் பூபர் எல்லாம் வந்தார்கள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற எரிக் ஃபிராம் அப்போது இருபதைத் தாண்டிய இளைஞர், அவரும் பாடம் எடுத்தார். யூத ஞான மரபு ஆராய்ச்சியில் பெரும் பெயராகப் போகும் கெர்ஷோம் ஷோலம் 1923இல் பாலஸ்தீனம் போகுமுன் அங்கே சிறு குழுவுக்கு மூல நூல்களைப் படித்துக் காட்டினார். உச்சத்தில் சுமார் 1,100 பேர் சேர்ந்திருந்தார்கள்.

ஆனால் நடத்தியவருக்கு நேரம் இல்லை. 1922இல் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். நோய் வந்தது. முதலில் கை எழுத மறுத்தது, அடுத்து வாய் பேச மறுத்தது. அதிக நாள் இல்லை என்றார்கள் டாக்டர்கள். அவர் ஏழு வருஷம் இருந்தார். விசேஷமாகச் செய்த தட்டச்சு இயந்திரத்தில் எழுத்தைக் காட்டுவார், மனைவி எடித் சொல்லை ஊகித்து எழுதுவார். அப்படியே பூபரோடு சேர்ந்து எபிரேய பைபிளை ஜெர்மனில் பெயர்க்கத் தொடங்கினார். 1929 டிசம்பரில் இறந்தபோது வயது 42. மொழிபெயர்ப்பைப் பூபர் முடித்தது 1961இல். அதற்குள் அதைப் படிக்கவேண்டிய ஜெர்மன் யூதர்களே அநேகமாக இல்லாமல் போயிருந்தார்கள்.

லேர்ஹவுஸ் அவருக்கு முன்பே, 1920களின் பிற்பகுதியில் ஓய்ந்துவிட்டது. ஆனால் ஹிட்லர் வந்து யூதர்களைப் பள்ளிகளிலிருந்தும் உத்தியோகங்களிலிருந்தும் வெளியேற்றத் தொடங்கியபோது, 1933 நவம்பரில் பூபர் அதை மறுபடி திறந்தார். வேலை போன நீதிபதி, பேராசிரியர் எல்லோரும் அடுத்த வேளை என்ன என்று தெரியாத நேரத்தில் பைபிள் வகுப்பில் உட்கார்ந்தார்கள். என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். உங்களை எதற்காக அடிக்கிறார்கள் என்றே அறியாமல் அடிபடுவது இன்னும் கொடுமை அல்லவா? 1938இல் பூபர் ஜெருசலேம் போனார். அந்த ஆண்டோடு லேர்ஹவுஸும் முடிந்தது.

1974இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பெரியவர்களுக்கு ஒரு யூதக் கல்வி நிலையம் தொடங்கினார்கள். லேர்ஹவுஸ் ஜூடாயிக்கா என்று ஃபிராங்க்ஃபர்ட் பெயரையே வைத்தார்கள்.

ரோசன்ஸ்வைக்கிடம் யாரோ, காலை ஜெபத்தில் தோல் பட்டைகளைக் கட்டிக்கொள்ளும் வழக்கம் உங்களுக்கு உண்டா என்று கேட்டார்களாம். உண்டு என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல், "இன்னும் இல்லை" என்றாராம். இந்தக் கதையை அந்த அம்மையாருக்கு மகள் மூலம் எழுதி அனுப்பினேன். வகுப்பில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியதாகப் பதில் வந்தது. அவருடைய சடங்கு மே மாதம். வாசிக்கவேண்டியது பன்னிரண்டு வரி. ஒன்பது வரை வந்திருக்கிறாராம்.